ஏமாற்றுக் குரலை இனங்காண்போம்

கொச்சி மாநகரின் மேற்குப் பகுதியில், தோப்பும்படிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையில் அமைந்துள்ளது சுள்ளிக்கல். தமிழ், மலையாளம், கொங்கணி, குஜராத்தி எனப் பல மொழி பேசுவோர் நெடுங்காலமாக அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்துவரும் பகுதி இது. இங்குள்ள தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழும், கடைத்தெருவில் மலையாளமும், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசுகின்றனர். ஆகவே, கைப்பேசியில் வரும் குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்வதும், வங்கியிலிருந்து வந்த கடிதத்திற்குப் பொருள் கூறுவதும், புரியாத மொழியில் அழைப்பவரிடம் பேசுவதும் பல வீடுகளில் பிள்ளைகளின் பணியாகவே அமைந்துவிடுகின்றன.

இப்பணி சிறியதன்று. முற்காலத்தில் திருடர் சுவரில் துளையிட்டு வீட்டிற்குள் நுழைந்தனர். இன்றைய மோசடிக்காரர் கைப்பேசி வழியாக நுழைகின்றனர். அந்த வாயிலின் அருகில் பெரும்பாலும் நீங்கள்தாம் இருக்கிறீர்கள். எனவே, ஏமாற்றுக் குரலை இனங்காணும் முறையையும் அதனிடமிருந்து காத்துக்கொள்ளும் வழிகளையும் இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

மட்டாஞ்சேரியில் நிகழ்ந்தது

2025ஆம் ஆண்டு மட்டாஞ்சேரியில் வாழும் மூத்த பெண்மணி ஒருவருக்கு ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவர்கள் தம்மை மும்பைக் காவல்துறையினர் என்று கூறிக்கொண்டனர். கறுப்புப் பண வழக்கு ஒன்றில் அப்பெண்மணிக்குத் தொடர்பு இருப்பதாக மிரட்டினர். காணொளி அழைப்பிலேயே போலி நீதிமன்றம் ஒன்றையும் நடத்திக் காட்டினர். குற்றமற்றவர் என்பதை மெய்ப்பிக்கப் பணத்தை அனுப்ப வேண்டும் என்றனர். அவர் பல தவணைகளாக அனுப்பிய தொகை ஏறத்தாழ 2 கோடியே 88 லட்சம் ரூபாய். இறுதியில்தான் அது மோசடி எனத் தெரிந்து, மட்டாஞ்சேரிக் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாயிற்று.

இவ்வகை மோசடி 'டிஜிட்டல் கைது' என்று அழைக்கப்படுகிறது. இதில் சிக்கியவர்கள் அறியாமை மிக்கவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மருத்துவர், பொறியாளர், ஓய்வுபெற்ற அரசு அலுவலர் ஆகியோரும் இதில் பெரும்பொருள் இழந்துள்ளனர். அவர்களை வீழ்த்தியது அறிவுக் குறைவன்று. அச்சமும் தனிமையுமே ஆகும்.

நமது நாட்டுச் சட்டத்தில் 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று இல்லவே இல்லை. காவலர் எவரும் காணொளி அழைப்பில் ஒருவரைக் கைது செய்ய இயலாது. விடுதலைக்கு விலையாகத் தனியார் வங்கிக் கணக்கில் பணம் செலுத்துமாறு எந்த நீதிமன்றமும் தொலைபேசியில் ஆணையிடாது. இவ்வுண்மையை 2024ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் ஒலிபரப்பான 'மனத்தின் குரல்' உரையில் தலைமை அமைச்சர் நாட்டு மக்களுக்கு எடுத்துரைத்தார். நில், சிந்தி, செயல்படு என்னும் மூன்று படிகளையும் அவ்வுரையில் அறிவுறுத்தினார். 2025ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும் இம்மோசடியைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டு, அதனை விசாரிக்குமாறு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு ஆணையிட்டது.

தூண்டிலின் மூன்று இரைகள்

மோசடிகளின் பெயர்கள் ஆண்டுதோறும் மாறுகின்றன. ஆயினும் அவற்றின் இரைகள் மாறுவதில்லை. அச்சம், ஆசை, அன்பு என்னும் மூன்றில் ஒன்றையே மோசடிக்காரர் தூண்டிலில் மாட்டுகின்றனர்.

முதலாவது இரை அச்சம். மட்டாஞ்சேரி நிகழ்ச்சியில் பயன்பட்டது இதுவே. "உங்கள் பெயரில் வந்த பொதியில் போதைப்பொருள் உள்ளது", "இன்றிரவு உங்கள் வீட்டு மின் இணைப்பு துண்டிக்கப்படும்", "உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும்" என்பனவும் இவ்வகையைச் சார்ந்தவையே. சொந்த ஊரை விட்டு வந்து வாழ்பவர்கள் அலுவலகம், காவல் நிலையம் என்றால் சற்றுக் கூடுதலாகவே தயங்குவர். அத்தயக்கத்தை மோசடிக்காரர் நன்கு அறிவர்.

இரண்டாவது இரை ஆசை. ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாகக் கொண்டு இயங்கிய சுசி ஈமு பண்ணை நிறுவனம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பணம் கட்டினால் ஈமுக் குஞ்சுகளைத் தருவோம், அவற்றை வளர்ப்பதற்கு மாதந்தோறும் தொகை தருவோம், பின்னர்க் கட்டிய பணத்தையும் திருப்பித் தருவோம் என்று அந்நிறுவனம் விளம்பரம் செய்தது. உழவர் பலர் நம்பிப் பணம் கட்டினர். 2012ஆம் ஆண்டு அந்நிறுவனம் பணம் தர இயலாமல் நின்றது. முதலீட்டாளர்கள் காவல்துறையை நாடினர். பறவைகள் தீவனமின்றி வாடின.

இத்தகைய திட்டங்களில் தொடக்கத்தில் பணம் ஒழுங்காக வருவது ஏன்? வாணிகத்தில் உண்மையான வருவாய் இராது. புதிதாகச் சேர்பவரின் பணத்தை எடுத்து முன்னரே சேர்ந்தவருக்குக் கொடுப்பர். புதியவர் வரும்வரை திட்டம் நடக்கும். வரவு குறைந்ததும் சரிந்துவிடும். 1920ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி என்பவர், 45 நாள்களில் 50 விழுக்காடு இலாபம் தருவதாகக் கூறி இம்முறையில் மக்களை ஏமாற்றினார். அவர் பெயராலேயே இது 'பொன்சி திட்டம்' என்று வழங்கப்படுகிறது. ஆகவே, "என் மாமாவுக்குப் பணம் வந்தது" என்பது ஒரு திட்டம் நேர்மையானது என்பதற்குச் சான்றாகாது.

வேலை ஆசையும் இவ்விரையைச் சார்ந்ததே. தாய்லாந்தில் கணினி வேலை, உயர்ந்த ஊதியம் என்று நம்பிச் சென்ற தமிழ் இளைஞர் சிலர் மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கடத்திச் செல்லப்பட்டனர். அங்கே அடைத்து வைக்கப்பட்டு, பிறரை இணையவழியில் ஏமாற்றும் வேலையைச் செய்யுமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் 2022ஆம் ஆண்டு அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினர். தொலைபேசியின் மறுமுனையில் பேசுபவரும் சில வேளைகளில் இவ்வாறு ஏமாற்றப்பட்ட ஒருவராக இருக்கக்கூடும் என்பதை இதனால் அறிகிறோம்.

மூன்றாவது இரை அன்பு. 2023ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் ஓய்வுபெற்ற ஒருவருக்குப் பழைய பணித்தோழரிடமிருந்து வாட்ஸ்அப் வழியாகச் செய்தி வந்தது. உறவினரின் அறுவை மருத்துவத்திற்காக 40,000 ரூபாய் தேவை என்று அச்செய்தி கூறியது. ஐயம் தீரக் காணொளி அழைப்பும் வந்தது. திரையில் தோழரின் முகமே தெரிந்தது. அவர் பணத்தை அனுப்பினார். உண்மையில் அம்முகம் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட போலி முகம். சிறிது நேரத்தில் மேலும் 35,000 ரூபாய் கேட்கப்பட்டபோது அவருக்கு ஐயம் எழுந்தது. தோழரை அவருடைய பழைய எண்ணிலேயே அழைத்துக் கேட்டார். தோழருக்கு எதுவும் தெரியாது. உடனே காவல்துறைக்குத் தெரிவித்ததால், பணம் சென்ற கணக்கு முடக்கப்பட்டது; பணமும் மீட்கப்பட்டது. கண்ணால் கண்டதும் பொய்யாகக் கூடும். நாமே அழைத்துக் கேட்பது அப்பொய்யை வெளிப்படுத்தும்.

இரண்டு அடையாளங்கள்

இரை எதுவாயினும், எல்லா மோசடிகளிலும் இரண்டு அடையாளங்கள் தவறாமல் காணப்படும். ஒன்று அவசரம்; மற்றொன்று மறைவு.

"இன்னும் பத்து நிமிடத்தில்", "இன்றே கடைசி", "இணைப்பைத் துண்டித்தால் கைது" என்பன அவசரத்தின் சொற்கள். சிந்திக்க நேரம் கிடைத்தால் பொய் வெளிப்பட்டுவிடும் என்பதால், அந்நேரத்தையே முதலில் பறிக்கின்றனர்.

"யாரிடமும் சொல்லாதீர்கள்", "அறைக் கதவைத் தாழிடுங்கள்", "இது அரசு இரகசியம்" என்பன மறைவின் சொற்கள். ஒருவருக்குத் தோன்றாத ஐயம் அருகில் இருப்பவருக்கு எளிதில் தோன்றும். அதனால்தான் மோசடிக்காரர் நம்மைத் தனிமைப்படுத்துகின்றனர். உண்மையான வங்கியும், உண்மையான காவல் நிலையமும், உண்மையான உறவினரும் "உன் வீட்டாரிடம் சொல்லாதே" என்று கூறுவதில்லை. அச்சொல் காதில் விழுந்த நொடியிலேயே அது ஏமாற்றுக் குரல் எனத் தெளிக.

கைப்பேசியில் வரும் பொறிகள்

அன்றாடம் எதிர்ப்படும் சில பொறிகளையும் அறிந்துகொள்ள வேண்டும்.

யு.பி.ஐ. முறையில் பணம் செலுத்தும்போது இரகசிய எண்ணை உள்ளிட வேண்டும். பணத்தைப் பெறுவதற்கு அவ்வெண் தேவையில்லை. "உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், எண்ணை உள்ளிடுங்கள்" என்று ஒருவர் கூறினால், அவர் பணத்தை எடுக்கிறார் என்பதே பொருள். கியூ.ஆர். குறியை வருடச் சொல்வதும் இத்தகையதே.

ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல் நம் வீட்டுத் திறவுகோலைப் போன்றது. வங்கி அலுவலர் உட்பட எவருக்கும் அதனைக் கூறுதல் கூடாது.

போக்குவரத்து விதியை மீறியதாக அபராதச் செய்தி ஒன்று வாட்ஸ்அப்பில் வரும், அதனுடன் ஏ.பி.கே. கோப்பு ஒன்றும் இணைந்திருக்கும். அதனைத் தொட்டு நிறுவினால் கைப்பேசியில் வரும் செய்திகள் மோசடிக்காரர் கைக்குச் சென்றுவிடும். 'பரிவாகன்' என்னும் அரசுச் சேவையின் பெயரைப் பயன்படுத்தி இவ்வாறு ஏமாற்றிய இருவரைக் கொச்சி இணையக்குற்றக் காவல்துறையினர் 2025ஆம் ஆண்டு வாரணாசியில் கைது செய்தனர். ஆட்டோ, இருசக்கர வண்டி வைத்திருப்போர் வீடுகளில் இதனைத் தவறாது எடுத்துரைக்க வேண்டும்.

இணையத்தில் தேடும்போது கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்கள் அனைத்தும் உண்மையானவை அல்ல. வங்கி அட்டையின் பின்புறத்திலும் கணக்குப் புத்தகத்திலும் அச்சிடப்பட்டுள்ள எண்ணையே பயன்படுத்த வேண்டும்.

கணக்கை வாடகைக்குக் கொடாதீர்

மாணவர்களையே குறிவைக்கும் மோசடி ஒன்று உண்டு. "உன் வங்கிக் கணக்கைச் சில நாள்களுக்குக் கொடு, வரும் பணத்தை எடுத்துத் தந்தால் உனக்கும் ஒரு பங்கு" என்று நண்பரைப் போலச் சிலர் பேசுவர். அக்கணக்கில் வருவது ஏமாற்றப்பட்ட ஒருவரின் பணம். காவல்துறை தேடி வரும்போது, பேசியவர் மறைந்திருப்பார். கணக்கில் இருக்கும் பெயர் மாணவருடையதாக இருக்கும். 2025ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் கேரளக் காவல்துறை 'சை ஹண்ட்' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் சோதனை நடத்தி, இவ்வாறு கணக்கை வாடகைக்கு விட்டோர் பலரைக் கைது செய்தது. வங்கிக் கணக்கு, சிம் அட்டை, ஆதார் ஆகிய மூன்றையும் பிறர் பயன்படுத்த ஒருபோதும் கொடுத்தல் கூடாது.

நாம் செய்ய வேண்டுவன

1. அச்சமோ அவசரமோ ஊட்டும் அழைப்பு வந்தால், முதலில் இணைப்பைத் துண்டித்தல் வேண்டும். அது மரியாதைக் குறைவாகாது.

2. உடனே வீட்டில் உள்ள ஒருவரிடம் அதனைச் சொல்லுதல் வேண்டும். பெற்றோர் வேலைக்குச் சென்றிருந்தால் பக்கத்து வீட்டுச் சேச்சியிடமோ ஆசிரியரிடமோ கூறலாம்.

3. சொல்லப்பட்ட செய்தியை வேறொரு வழியில் சரிபார்த்தல் வேண்டும். அழைத்தவர் கொடுத்த எண்ணை விடுத்து, நாமே அறிந்த எண்ணில் கேட்க வேண்டும். காவல்துறையின் பெயரில் அழைப்பு வந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்திற்கு நேரில் சென்று கேட்கலாம்.

4. குடும்பத்திற்கென ஒரு மறைசொல்லை வைத்துக்கொள்ளுதல் நன்று. தாத்தா வீட்டில் வளர்ந்த பசுவின் பெயர், பாட்டி உங்களை அழைக்கும் செல்லப்பெயர் போன்றவை ஏற்றவை. மாமாவின் முகமும் குரலும் பணம் கேட்டால், அச்சொல்லைக் கேளுங்கள். முகத்தைப் போலியாக உருவாக்குபவருக்கு அப்பசுவின் பெயர் தெரியாது.

5. ஊரில் தனித்து வாழும் தாத்தா பாட்டியிடம் வாரம் ஒருமுறையேனும் பேசுங்கள். பேசும்போது இம்மோசடிகளையும் கதைபோல எடுத்துக் கூறுங்கள். பேச ஆளின்றி இருப்பவரையே மோசடிக்காரர் எளிதில் அணுகுகின்றனர்.

அம்மா அச்சத்துடன் கைப்பேசியைப் பிடித்திருக்கக் கண்டால், "வைத்துவிடு அம்மா. அப்பாவிடம் கேட்டுவிட்டுப் பேசலாம்" என்று நீங்கள் கூறும் ஒரு சொல் போதும். அதுவே மோசடிக்காரர் விரித்த தனிமையைக் கலைத்துவிடும். எல்லாவற்றிற்கும் நீங்களே தீர்வு காண வேண்டியதில்லை. அருகில் நின்று பேசினால் போதும்.

ஏமாந்துவிட்டால்

பணம் போய்விட்டது என்று தெரிந்தவுடன் 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். இது மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் நாடு முழுவதற்குமான உதவி எண். தேசிய இணையக்குற்றப் புகார்த் தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். புகார் பதிவானதும், பணம் சென்ற வங்கிக்குச் செய்தி அனுப்பப்படும். பணம் அங்கேயே இருந்தால் அது நிறுத்தி வைக்கப்படும். வேறு வங்கிக்கு மாறியிருந்தால் செய்தியும் அவ்வங்கியைத் தொடரும். மோசடிக்காரர் பணத்தைக் கணக்கு விட்டுக் கணக்கு விரைந்து மாற்றுவர் ஆதலால், ஒவ்வொரு நிமிடமும் அரியது.

வங்கிக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளரின் தவறும் வங்கியின் தவறும் இன்றிப் பிறரால் பணம் எடுக்கப்பட்டிருந்தால், வங்கியின் அறிவிப்பு கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பு இல்லை என்று 2017ஆம் ஆண்டு ஜூலையில் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை கூறியது. கடவுச்சொல்லைத் தாமே பிறருக்குக் கூறியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேர்ந்த இழப்பு அவரையே சாரும் என்றும் அது கூறியது. தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும் என்றும் அதில் கூறப்பட்டது. எந்நிலையிலும் விரைந்து தெரிவிப்பதே நன்மை தரும்.

இறுதியாக ஒன்று. ஏமாந்தவரை ஏசுதல் கூடாது. "இதுகூடத் தெரியாதா?" என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சியே பலர் நடந்ததை மறைக்கின்றனர். மறைக்கும் நேரத்தில் பணம் கைக்கு எட்டாத தொலைவிற்குச் சென்றுவிடுகிறது. நாணம் கொள்ள வேண்டியவர் ஏமாற்றியவரே, ஏமாந்தவர் அல்லர். எதனையும் அஞ்சாமல் சொல்லலாம் என்ற நிலை உள்ள வீட்டில், ஏமாற்றுக் குரல் நெடுநேரம் பேச இயலாது.

அருஞ்சொற்பொருள்

இரை – தூண்டிலில் வைக்கும் உணவு
ஐயம் – சந்தேகம்
தவணை – பகுதி பகுதியாகச் செலுத்தும் முறை
மறைசொல் – தெரிந்தவர் மட்டுமே அறிந்த சொல்
நாணம் – வெட்கம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. மோசடிக்காரர் பயன்படுத்தும் மூன்று இரைகள் யாவை?
2. எல்லா மோசடிகளிலும் காணப்படும் இரண்டு அடையாளங்கள் எவை?
3. பணத்தைப் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் தேவையா? ஏன்?

ஆ. விரிவாக விடை தருக.
1. பொன்சி திட்டம் தொடக்கத்தில் நம்பத்தக்கதாகத் தோன்றுவது ஏன்? விளக்குக.
2. கோழிக்கோட்டு நிகழ்ச்சியில் ஓய்வுபெற்றவர் செய்த எச்செயல் மோசடியை வெளிப்படுத்தியது? அதிலிருந்து நீவிர் அறிவது யாது?

இ. செயல்பாடு
1. உங்கள் குடும்பத்தினருடன் கலந்து பேசி ஒரு மறைசொல்லைத் தேர்ந்தெடுங்கள். அதனை இந்நூலில் எழுத வேண்டா.
2. ஊரில் உள்ள தாத்தா பாட்டிக்கு இம்மோசடிகளைப் பற்றி எச்சரித்துத் தமிழில் ஒரு கடிதம் எழுதுக.